பிஸ்டனும் வளையங்களும்: கார் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டும் முறை

தோட்டத் தொழிலாளர் ஒருவர் சேமித்த பணத்தைக் கொண்டு பழைய கார் ஒன்றை வாங்குகிறார் எனக் கொள்வோம். பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பட்டணத்துக் கடைகளுக்குப் போய்வரவும் அக்கார் அவருக்குத் துணையாக இருக்கிறது. சில மாதங்களில் அதன் பின்குழாயிலிருந்து நீலப் புகை வரத் தொடங்குகிறது. வாரந்தோறும் எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கிறது. மேட்டுச் சாலையில் வண்டி திணறுகிறது. பட்டறைக்கு எடுத்துச் சென்றால், "ரிங் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கின்றனர். அவரும் மாற்றுகிறார். மூன்று மாதங்கள் சென்றதும் புகை மீண்டும் வருகிறது. செலவழித்த பணமோ திரும்பி வருவதில்லை.

இங்கே தவறு எங்கே நேர்ந்தது? வளையம் மாற்றப்பட்டது உண்மையே. ஆனால், அவ்வளையம் உரசி ஓட வேண்டிய சிலிண்டர் தேய்ந்திருக்கிறதா என்று எவரும் அளந்து பார்க்கவில்லை. அளந்து பார்க்காமல் செய்யும் வேலை இருமுறை செய்யும் வேலையாகவே முடியும். ஆகவே, பிஸ்டனையும் அதன் வளையங்களையும் கழற்றி, சோதித்து, மீண்டும் பொருத்தும் முறையை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம். இத்தொழிலைக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு மட்டுமன்றி, பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என அறிய விரும்பும் கார் உரிமையாளர்களுக்கும் இது பயன்படும்.

பிஸ்டன் செய்யும் வேலை

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா காரின் 1.3 லிட்டர் இயந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொரு சிலிண்டரின் குறுக்களவு 71 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழே செல்லும் தூரம் 82 மில்லிமீட்டர். இவ்வளவுகளைக் கொண்டு கணக்கிட்டால் நான்கு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 1,298 கன சென்டிமீட்டர் என்பது விளங்கும்.

இயந்திரம் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழலும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு வினாடியில் ஐம்பது முறை ஏறி இறங்குகிறது. அதாவது ஒரு வினாடியில் எட்டு மீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை அது உரசிக்கொண்டே கடக்கிறது. அதன் தலைக்கு மேலே எரியும் வாயுவின் வெப்பம் 2,000 பாகை செல்சியசையும் தாண்டுகிறது. பிஸ்டனோ சுமார் 660 பாகைக்குள்ளேயே உருகிவிடக்கூடிய அலுமினியக் கலவையால் ஆனது. அப்படியிருந்தும் அது உருகாமல் இருப்பதற்கு, அதன் வெப்பத்தின் பெரும்பகுதியை வளையங்கள் சிலிண்டர் சுவருக்குக் கடத்திவிடுவதே முக்கியக் காரணமாகும்.

கார்களில் வழக்கமாக ஒரு பிஸ்டனுக்கு மூன்று வளையங்கள் இருக்கும். மேலே உள்ள முதல் வளையம் எரிவாயுவின் அழுத்தத்தைத் தாங்குகிறது. இரண்டாம் வளையம் அதற்குத் துணையாக நின்று, மேலே ஏறும் எண்ணெயையும் ஓரளவு வழித்துவிடுகிறது. மூன்றாவதான எண்ணெய் வளையம், சுவரில் தெறிக்கும் எண்ணெயை மெல்லிய படலம் மட்டும் எஞ்சும்படி வழித்துக் கீழே அனுப்புகிறது. ஆகவே, அழுத்தத்தைக் காத்தல், வெப்பத்தைக் கடத்துதல், எண்ணெயைக் கட்டுப்படுத்துதல் ஆகிய மூன்றும் வளையங்களின் கடமைகள். இவற்றுள் ஒன்று தவறினாலும் இயந்திரம் நலிவுறும்.

புகையைக் கண்டு நோயை அறிதல்

எல்லாப் புகைக்கும் வளையமே காரணமன்று. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதியாக எரிகிறது என்று பொருள். கார்புரேட்டரையும் காற்று வடிகட்டியையும் பார்க்க வேண்டும். இயந்திரம் சூடேறிய பின்னரும் வெண்ணிற ஆவி நில்லாமல் வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்தால், சிலிண்டர் தலையின் கேஸ்கெட் பழுதுபட்டிருக்கலாம்.

நீலப் புகையே எண்ணெய் எரிவதன் அடையாளம். அதிலும் இரு வகை உண்டு. இரவு முழுவதும் நிறுத்தி வைத்த காரைக் காலையில் முடுக்கியவுடன் சிறிது நேரம் மட்டும் நீலப் புகை வந்து பின்னர் நின்றுவிட்டால், வால்வுத் தண்டுகளைக் கவ்வியிருக்கும் சிறு ரப்பர் அடைப்புகள் இறுகிப் போயிருக்கலாம். அவற்றை மாற்றுவது சிறிய வேலை. பிஸ்டனைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. மாறாக, வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் நீலப் புகை வந்து, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவெனத் தள்ளிக்கொண்டு வருமானால், வளையத்தையோ சிலிண்டரையோ ஐயுற வேண்டும்.

ஐயத்தைத் தீர்ப்பது அழுத்தச் சோதனை. இயந்திரத்தைச் சூடாக்கி நிறுத்திய பின்னர், நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுக. மின்பொறி எழாதபடி இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிடுக. அழுத்தமானியைப் பிளக் துளையில் பொருத்தி, எண்ணெய் மிதியை முழுவதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சில வினாடிகள் சுழற்றுக. நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் இயந்திரங்கள் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 13 கிலோகிராம் வரை காட்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு ஏறத்தாழ ஒரு கிலோவிற்கு மேற்படலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு: முதலாவது 12, இரண்டாவது 11.5, மூன்றாவது 7.5, நான்காவது 12 எனக் காட்டுகிறது. குறை மூன்றாவதில் என்பது தெளிவு. இப்போது அதன் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி இயந்திர எண்ணெயை ஊற்றி மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். அளவு 10 அல்லது 11க்கு உயர்ந்தால், எண்ணெய் இடைவெளியை அடைத்தது என்று பொருள். வளையமோ சிலிண்டரோ தேய்ந்துள்ளது. அளவு உயரவில்லையானால் குறை வால்வில் இருக்கிறது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருசேரக் குறைவாகக் காட்டினால் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். அரைமணி நேரத்தில் முடியும் இச்சோதனை பல நூறு ரிங்கிட்டை மிச்சப்படுத்தக்கூடும். பட்டறையில் வண்டியை விடுமுன், "அழுத்தம் பார்த்தீர்களா? எண்ணெய் ஊற்றியும் பார்த்தீர்களா?" எனக் கேட்கத் தயங்க வேண்டாம்.

வேலை தொடங்குமுன்

முதலில் உயிர்ப் பாதுகாப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி எக்காலத்திலும் காரின் கீழே செல்லலாகாது. ஜாக்கி என்பது தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. கெட்டியான சமதரையில் காரை நிறுத்தி, தூக்கிய பின் இரும்புத் தாங்கிகளை வைத்து, பின்சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுத்து, காரை அசைத்துப் பார்த்த பின்னரே கீழே படுக்க வேண்டும். செங்கல்லையும் சிமெண்டுக் கட்டியையும் தாங்கியாக வைத்தல் பெருந்தவறு. அவை முன்னறிவிப்பின்றிப் பிளக்கும்.

இயந்திரம் நன்கு குளிர்ந்த பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. பெட்ரோல் குழாயைக் கழற்றும்போது அருகில் எவரும் புகைபிடிக்கலாகாது. நீரையும் எண்ணெயையும் தனித்தனிப் பாத்திரங்களில் வடித்துக்கொள்க. பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ ஆற்றிலோ ஊற்றுதல் கூடாது. 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி அது அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுப் பொருளாகும். மூடியுள்ள தகரத்தில் சேர்த்து, கழிவெண்ணெய் பெறும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

வழக்கமான ஸ்பேனர்களைத் தவிர, இறுக்க அளவு காட்டும் டார்க் ஸ்பேனர், மெல்லிய தகடுகள் கொண்ட பீலர் கேஜ், வளையம் விரிக்கும் கருவி, வளையம் அமுக்கும் பட்டை ஆகியவை வேண்டும். சிலிண்டரின் உள்ளளவு பார்க்கும் கருவி இல்லையெனில், அளக்கும் வேலையைத் துளைப்புப் பட்டறையில் ஒப்படைக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, அந்தந்த இயந்திரத்தின் பழுதுபார்ப்புக் கையேடு கட்டாயம் தேவை. இங்கே தரப்படும் அளவுகள் பொதுவானவை. இறுதி அளவு கையேட்டிலுள்ளதே.

பிரித்தல்

கழற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் இடமும் அடையாளமும் கொடுக்க வேண்டும். காலி பால் டின்களில் எண் எழுதி, ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளையும் தனித்தனியே போட்டு வைப்பது எளிய வழி. டைமிங் பெல்ட்டைக் கழற்றுமுன், அதன் சக்கரக் குறிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும்படி இயந்திரத்தைத் திருப்பி, அந்நிலையைக் குறித்துக்கொள்க. சிலிண்டர் தலையின் போல்ட்டுகளை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று தவணைகளில் தளர்த்துக. ஒரே மூச்சில் தளர்த்தினால் அலுமினியத் தலை வளையக்கூடும்.

அடுத்து, சம்ப் எனப்படும் எண்ணெய்த் தொட்டியைக் கழற்ற வேண்டும். சில கார்களில் இதற்கு இயந்திரத்தையே வெளியே தூக்க வேண்டியிருக்கும்.

இப்போது சிலிண்டரின் மேல்விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். வளையம் எட்டாத மேற்பகுதி தேயாமல் நிற்பதால் அங்கே ஒரு படிக்கட்டுப் போன்ற விளிம்பு உண்டாகியிருக்கும். கரியாக இருந்தால் சுரண்டி எடுக்கலாம். இரும்பிலேயே விளிம்பு விழுந்திருந்தால் அதற்குரிய கருவியால் நீக்க வேண்டும். நீக்காமல் பிஸ்டனைத் தள்ளினால் வளையப் பள்ளங்கள் உடையும். புதிய வளையமும் அதில் மோதி முறியும். விளிம்பு ஆழமாக இருப்பதே சிலிண்டர் தேய்ந்ததற்கு முதற்சான்று.

நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் முதலாம், நான்காம் பிஸ்டன்கள் ஒன்றாகவும், இரண்டாம், மூன்றாம் பிஸ்டன்கள் ஒன்றாகவும் ஏறி இறங்கும். எனவே, இரண்டிரண்டாகக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து கழற்றலாம். இணைப்புத் தண்டிலும் அதன் மூடியிலும் எண் இருக்கிறதா எனப் பார்த்து, இல்லையெனில் இரண்டிலும் ஒரே பக்கத்தில் சிலிண்டர் எண்ணைப் பொறிக்க வேண்டும். ஒரு தண்டின் மூடி இன்னொரு தண்டிற்குப் பொருந்தாது. முதலாம் சிலிண்டர் என்பது டைமிங் பெல்ட்டின் பக்கத்தில் இருப்பது. சாகா போன்ற கார்களில் இயந்திரம் குறுக்கே அமைந்திருப்பதால், 'முன்பக்கம்' என்பது காரின் முன்பக்கமன்று, பெல்ட்டின் பக்கமே என்பதை மறத்தலாகாது.

நட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தவுடன், நீட்டி நிற்கும் போல்ட்டுகள் இரண்டிலும் சிறு ரப்பர் குழாய்த் துண்டுகளைச் செருகுக. அவை கிராங்க் தண்டின் வழவழப்பான பரப்பைக் கீறலிலிருந்து காக்கும். பின்னர் சுத்தியலின் மரப்பிடியால் தண்டைக் கீழிருந்து மேலே தள்ளி, மறுகையால் பிஸ்டனை ஏந்திக்கொள்க. வெளியே எடுத்தவுடனே மூடியை அதற்குரிய தண்டிலேயே மாட்டி, எண் வரிசைப்படி பலகைமேல் வைக்க வேண்டும்.

அளந்து பார்த்தல்

மரம் சீவும் தொழிலாளர்க்கு அளவின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உளி ஒரு மில்லிமீட்டர் ஆழமாகச் சென்றாலும் மரத்தில் காயம் விழும். மேலோட்டமாகச் சென்றால் பால் குறையும். இயந்திரத்தில் நாம் பார்ப்பது அதைவிடச் சிறிய அளவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகவும் நூறாகவும் பகுத்துப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க இயலாது.

சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று ஆழங்களிலும், ஒவ்வோர் ஆழத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரு திசைகளிலும் அளக்க வேண்டும். ஆறு அளவுகள் கிடைக்கும். வேறுபாடு சிறிதாயின் புதிய வளையம் போதும். தேய்மானம் 0.10 முதல் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால், புதிய வளையத்தால் பயனில்லை; மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும் குழாயில் வட்ட வளையம் எப்படிப் படியும்? அந்நிலையில் சிலிண்டர்களைத் துளைத்துப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களைப் போட வேண்டும். 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் எனப் பெரிதாக்கிய பிஸ்டன்கள் கிடைக்கும். பிஸ்டன்களைக் கையில் பெற்று, அவற்றை அளந்த பின்னரே துளைக்கச் சொல்ல வேண்டும். நம் முதற்கதையில் வரும் தொழிலாளர் இழந்த பணம் இந்த ஆறு அளவுகளை எடுக்காததால் இழந்த பணமே.

பழைய வளையங்களை விரிப்புக் கருவியால் கழற்றுக. உடைந்த பழைய வளையத் துண்டைக் கொண்டே பள்ளங்களிலுள்ள கரியை மெல்லச் சுரண்டலாம். அலுமினியம் மென்மையானது; ஆதலால் கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் ஆகா. எண்ணெய் வளையத்தின் பள்ளத்திலுள்ள சிறு துளைகளும் திறந்திருக்க வேண்டும். புதிய வளையத்தைப் பள்ளத்தில் வைத்து, பக்க இடைவெளியைப் பீலர் கேஜால் பார்த்தால், முதல் வளையத்திற்கு 0.03 முதல் 0.07 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு. மிகுதியாயின் பள்ளம் அகன்றுவிட்டது. பிஸ்டனை மாற்ற வேண்டும்.

இனி, முனை இடைவெளி. புதிய வளையத்தைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து, தேய்மானம் குறைந்த அடிப்பகுதி வரை சமமாகத் தள்ளுக. வளையத்தின் இரு முனைகளுக்கிடையே உள்ள வெளி, 71 மில்லிமீட்டர் சிலிண்டரில் ஏறத்தாழ 0.20 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். குறைந்தால், வெப்பத்தில் வளையம் நீண்டு, முனைகள் முட்டி, முறிந்து சிலிண்டரைக் கீறிவிடும். கூடினால் வாயு கசியும். குறைவாக உள்ளதை மெல்லிய அரத்தால் சிறிது சிறிதாக அராவிச் சரிசெய்யலாம். ஒவ்வொரு வளையத்தையும் அது வேலை செய்யப்போகும் சிலிண்டரிலேயே அளக்க வேண்டும்.

சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் மினுங்கினால் புதிய வளையம் படியாது. ஹோன் கருவியைச் சுழற்றியபடியே மேலும் கீழும் நகர்த்தி, குறுக்கு நெடுக்கான மெல்லிய கோடுகளை உண்டாக்க வேண்டும். எண்ணெய் தங்குவதற்கு அக்கோடுகளே இடம். பின்னர், கிராங்க் தண்டு கழற்றப்பட்டிருந்தால், சூடான சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் மட்டும் அரைத்தூளை முழுமையாக நீக்காது. கிராங்க் தண்டு உள்ளேயே இருந்தால், ஹோன் செய்யுமுன் அதைத் துணியால் நன்கு மூடி, பிறகு எண்ணெயில் நனைத்த துணியால் சுவரைத் திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும். வெள்ளைத் துணி அழுக்கின்றி வரும் வரை துடைத்தல் முடிந்ததாகாது. கழுவிய சுவரை உடனே உலர்த்தி எண்ணெய் பூசாவிடில் துருப்பிடிக்கும்.

பொருத்துதல்

வளையங்களைக் கீழிருந்து மேலாகப் பொருத்த வேண்டும். எண்ணெய் வளையத்தில் நெளிந்த நடுத்தகட்டை முதலில் வைத்து, அதன் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொண்டு, மெல்லிய தகடுகள் இரண்டையும் விரலால் சுற்றிவிடுக. அடுத்து இரண்டாம் வளையமும், பிறகு முதல் வளையமும் கருவியால் விரித்துப் போட வேண்டும். முனையருகே பொறித்துள்ள எழுத்து மேல்நோக்கி இருத்தல் வேண்டும். தலைகீழாகப் போட்டால் எண்ணெயை வழிப்பதற்கு மாறாக மேலே ஏற்றும். இடைவெளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்காதபடி, கையேட்டிலுள்ள படத்தின்படி திருப்பி வைக்க வேண்டும்.

சிலிண்டர், பிஸ்டன், வளையம், பேரிங் அனைத்திற்கும் தாராளமாக எண்ணெய் பூசுக. கீறலோ தேய்மானமோ உள்ள பேரிங்குகளை மாற்றிவிடுதல் நன்று. தண்டின் போல்ட்டுகளில் ரப்பர் குழாய்களை மறவாமல் செருகி, பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறியைப் பெல்ட்டின் பக்கம் வைத்து, அமுக்கும் பட்டையால் வளையங்களை இறுக்கி, சுத்தியலின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டி இறக்குக. இடையில் தடை ஏற்பட்டால் உடனே நிறுத்த வேண்டும். ஏதேனும் ஒரு வளையம் வெளியே துள்ளியிருக்கும். வலிந்து அடித்தால் புதிய வளையம் முறிவது உறுதி.

தண்டு கிராங்கில் அமர்ந்ததும், எண் பொருந்த மூடியை மாட்டி, டார்க் ஸ்பேனரால் கையேட்டிலுள்ள அளவுக்குத் தவணை தவணையாக இறுக்குக. ஒவ்வொரு பிஸ்டனைப் பொருத்திய பின்னும் கிராங்கைக் கையால் ஒரு முழுச்சுற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டும். நான்கையும் போட்ட பின்னர் இறுகினால் எதில் குறை என்று தேட நேரிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் அங்கேயே தெரியும்.

சம்ப்புக்கும் சிலிண்டர் தலைக்கும் புதிய கேஸ்கெட்டே வேண்டும். தலையின் போல்ட்டுகளை இம்முறை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி இறுக்க வேண்டும். டைமிங் குறிகளை இருமுறை சரிபார்த்து, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுத் திருப்பி, குறிகள் மீண்டும் நேர்படுகின்றனவா எனக் காண்க. குறி பிசகினால் இயந்திரம் ஓடாது. சில இயந்திரங்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

புதிய எண்ணெயும் புதிய எண்ணெய் வடிகட்டியும் போட்டு, பிளக்குகள் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுழற்றி, எண்ணெய் விளக்கு அணைந்த பின்னர்ப் பிளக்குகளைப் பூட்டி முடுக்குக. முதல் 1,000 கிலோமீட்டர் வரை அதிவேகம், மிகுந்த பாரம், நெடுநேரம் ஒரே வேகம் ஆகியவற்றைத் தவிர்த்து, வேகத்தை மிதமாகக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். வளையங்கள் சுவரோடு படிவதற்கு இது இன்றியமையாதது. பின்னர் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுக. தொடக்கத்தில் சிறிது புகை வருதல் இயல்பு. நாளடைவில் அது நிற்க வேண்டும்.

கையிலுள்ள தொழிலுக்குச் சான்று

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்பு நிலங்களாகவும் மாறிவிட்ட காலம் இது. தோட்டத்தை விட்டு வெளியேறும்போது ஒரு குடும்பம் தன்னோடு எடுத்துச் செல்லக்கூடிய சொத்து கைத்தொழிலே. தோட்டப் பட்டறைகளில் லோரியும் டிராக்டரும் பழுதுபார்த்துத் திறமை பெற்றும், சான்றிதழ் இல்லாத காரணத்தால் உதவியாளர் சம்பளத்திலேயே காலம் கழித்தவர் பலர். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. பயிற்சி நிலையத்தில் பயின்றும் அதைப் பெறலாம். முன்பே தொழில் அனுபவம் உடையோர், தாம் செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி மதிப்பீட்டிற்கு உட்பட்டும் பெறலாம். எனவே, பழுதுபார்க்கும் ஒவ்வோர் இயந்திரத்தின் அளவுகளையும் தேதியோடு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இன்று அது நல்ல வேலைப்பழக்கம்; நாளை உங்கள் திறமைக்குச் சாட்சி.

உங்கள் அறிவைச் சோதித்துக்கொள்க

1. எண்ணெய் ஊற்றிய பின்னும் அழுத்தம் உயரவில்லை. குறை எங்கே?
2. சிலிண்டரை ஏன் ஆறு முறை அளக்க வேண்டும்?
3. வளையத்தின் முனை இடைவெளி குறைந்தால் நேரும் கேடு யாது?
4. இணைப்புத் தண்டின் போல்ட்டுகளில் ரப்பர் குழாய் செருகுவது எதற்காக?
5. சிலிண்டர் தலையின் போல்ட்டுகளைத் தளர்த்தும் வரிசைக்கும் இறுக்கும் வரிசைக்கும் உள்ள வேறுபாடு என்ன?

விடைகள் அனைத்தும் இக்கட்டுரையிலேயே உள்ளன. விடை தெரியாத பகுதியை மீண்டும் ஒருமுறை படித்த பின்னரே ஸ்பேனரைக் கையில் எடுங்கள்.